ஆறாயிரம் கோடி ரூபாய் வாடகை

ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பதும் நாம். அதைப் படிக்கக் காசு கொடுப்பதும் நாம். ஜெராக்ஸ் கடைக்காரரை கோர்ட்டுக்கு இழுத்த பதிப்பகம், அதே எழுத்தை ஏஐ கம்பெனிக்கு விற்றுக் காசு பார்த்த கதை இது.

பதிப்புரிமை என்றதும் நம் ஊரில் பேச்சு சினிமாப் பாட்டுக்குத்தான் போகும். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘கண்மணி அன்போடு’ பாடலைப் பயன்படுத்தியதற்காக 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. மெட்டு யாருக்குச் சொந்தம், தயாரிப்பாளர் எதை விற்றார், ஆடியோ கம்பெனி எதை வாங்கியது என்று டீக்கடை தொடங்கி டிவி விவாதம் வரை ஆளாளுக்குச் சட்டம் பேசினார்கள். அதே ஆண்டு நவம்பர் 25-ம் தேதி மத்திய அமைச்சரவை வேறொரு பதிப்புரிமைக் கணக்குக்கு ஒப்புதல் கொடுத்தது. தொகை 6,000 கோடி ரூபாய். அதைப் பற்றி எந்த டீக்கடையிலும் சண்டை நடந்ததாகத் தெரியவில்லை.

திட்டத்தின் பெயர் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’. 30 பெரிய பதிப்பகங்கள் நடத்தும் சுமார் 13,000 ஆய்விதழ்களை, 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு, மத்திய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களும் படித்துக்கொள்ளலாம். மொத்தம் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். ஆசிரியர், மாணவர், ஆய்வாளர் என்று சுமார் 1.8 கோடிப் பேருக்குப் பயன் என்கிறது அரசு. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது.

இதைக் கெட்ட திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஐஐடி நூலகத்தில் கிடைப்பதெல்லாம் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஓர் அரசுக் கலைக் கல்லூரி மாணவிக்கும் கிடைக்கிறது. அவர் இதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிஎச்டி செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டுரையின் தலைப்பைத் தட்டினால் சுருக்கம் மட்டும் வரும், அதற்குக் கீழே முப்பது, நாற்பது டாலர் கேட்டு ஒரு பெட்டி நிற்கும். உடனே வெளிநாட்டில் இருக்கும் சீனியருக்கு, “அண்ணா, இந்த ஒரு பேப்பர் மட்டும் எடுத்து அனுப்புங்க” என்று வாட்ஸ்அப் போகும். சீனியரும் எத்தனை நாள்தான் அனுப்புவார்? கணக்காகப் பார்த்தாலும் இந்தத் திட்டத்தில் தலைக்கு வருடத்துக்குச் சுமார் 1,100 ரூபாய்தான் வருகிறது. ஒரு நல்ல பாடப்புத்தகத்தின் விலைகூட இல்லை.

பிறகு என்ன குறை? கொடுத்த பணத்துக்கு நமக்குச் சொந்தமாக எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான். இது வாடகை. மூன்று வருடம் முடிந்ததும் வீட்டுக்காரர் சொல்வதுதான் புது வாடகை. அதைவிட விசித்திரம், வீட்டைக் கட்டியதில் பெரும்பங்கு நம்முடையது.

எழுதியவருக்குக் காசில்லை

ஓர் ஆய்வுக் கட்டுரை பிறந்து வளரும் விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்த வியாபாரத்தின் அழகு புரியும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் ஓர் ஆய்வு மாணவி வேலை பார்க்கிறார். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பணம். ரசாயனம், கண்ணாடிச் சாமான், கருவி எல்லாம் ஏதோ ஓர் அரசுத் துறையின் புராஜெக்ட்டில் வாங்கியது. மூன்று வருடம் மாரடித்த பிறகு ஒரு முடிவு கிடைக்கிறது. எழுதுகிறார், கைடு திருத்துகிறார், ஆய்விதழின் இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். இதழின் ஆசிரியர் பெரும்பாலும் எங்கோ வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர். அவர் இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்புகிறார். அவர்களும் பேராசிரியர்களே. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, “மேஜர் ரிவிஷன்” என்று நாலு பக்கத்துக்குக் கேள்வி எழுதி அனுப்புகிறார்கள். இதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ‘துறைக்குச் செய்யும் கடமை’ என்பார்கள்.

கட்டுரை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு படிவம் வரும். பதிப்புரிமையை எங்களுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று இருக்கும். பிஎச்டியை முடிக்க வேண்டிய அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? ஒரு கிளிக். மூன்று வருட உழைப்பின் உரிமை கைமாறிவிட்டது. மாணவிக்கு ஒரு பைசா கிடையாது, அதை அவர் எதிர்பார்ப்பதும் இல்லை.

அடுத்த கட்டத்தில் நம் ஊர் நேராகவே வருகிறது. உலகின் பெரிய பதிப்பகங்களுக்கு காப்பி எடிட்டிங், டைப்செட்டிங், எக்ஸ்எம்எல் வேலைகளைச் செய்து கொடுக்கும் நிறுவனங்களில் பல சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. சமன்பாட்டை ஒழுங்குபடுத்தி, மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்து, “இந்த அட்டவணையில் மூன்றாவது எண் சரியா?” என்று கட்டுரையாளருக்குக் கேள்வி அனுப்பும் ஆள் வேளச்சேரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். ஆய்வு இங்கே, எழுத்து இங்கே, சரிபார்ப்பில் ஒரு பங்கு இங்கே, பக்கம் கட்டுவதும் இங்கே. விலை மட்டும் டாலரிலும் யூரோவிலும் அங்கே.

இந்த வித்தையைப் பெரிய வியாபாரமாக்கியவர் ராபர்ட் மேக்ஸ்வெல். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சண்டை போட்டு, பெர்கமன் பிரஸ் என்ற அறிவியல் பதிப்பகத்தை வளர்த்தவர். கட்டுரை எழுதுகிறவர் இலவசம், சரிபார்க்கிறவர் இலவசம், வாங்குகிற நூலகம் விலை பார்க்காது என்பதைப் போருக்குப் பிந்தைய காலத்திலேயே கண்டுகொண்டார். 1991-ல் கடன் கழுத்தை நெரித்தபோது பெர்கமனை 44 கோடி பவுண்டுக்கு எல்செவியரிடம் விற்றார். அந்த எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலக்ஸ், தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் ஆண்டுதோறும் காட்டும் லாபம் வருவாயில் முப்பது சதவீதத்துக்கு மேல். நாளிதழ், வார இதழ் நடத்துகிறவர்கள் கனவில்கூடப் பார்க்க முடியாத லாபம். அவர்களெல்லாம் எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுத்துத் தொலைக்கிறார்களே!

படிக்கிறவரிடம் வாங்காமல் எழுதுகிறவரிடமே வாங்குகிறோம் என்று ஒரு புது வழியும் வந்திருக்கிறது. ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்ற நல்ல பெயரில்தான் வந்தது. ‘நேச்சர்’ இதழ் 2021-ல் இதற்கு வைத்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. மேலே சொன்ன மாணவியின் இரண்டு வருட உதவித்தொகை ஏறக்குறைய அதற்கே போய்விடும்.

ஜெராக்ஸ் கடைமேல் வழக்கு

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஷ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்று ஒரு கடை. எந்தக் கல்லூரி வாசலிலும் பார்க்கக்கூடிய கடைதான். பாடத்திட்டத்தில் ஒரு புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயம், இன்னொன்றிலிருந்து இருபது பக்கம் என்று பேராசிரியர்கள் குறித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் அதையெல்லாம் நகலெடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுப்பார். பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்க வேண்டுமென்றால் ஒரு மாணவரின் வருடச் செலவே புத்தகத்துக்குப் போய்விடும்.

2012 ஆகஸ்ட்டில் இந்தக் கடைமேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். போட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ். மூன்றாவது பெயரை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 60 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது, நகல் கட்டுகள் நின்றன. யாருடைய உரிமையைக் காப்பதாகச் சொல்லி வழக்குப் போட்டார்களோ, அந்த எழுத்தாளர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 300-க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் புத்தகம் போட்டவரான அமர்த்திய சென்னும் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பர் 16-ம் தேதி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதைக் குற்றம் இல்லை என்கிறது. அந்த விலக்கு வகுப்பறைக்கு உள்ளே மட்டும்தான் என்று பதிப்பகங்கள் வாதிட்டன. நீதிபதி ஏற்கவில்லை. தாம் படித்த காலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்ததைத் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தார். கையால் எடுத்தால் சரி, இயந்திரத்தால் எடுத்தால் தப்பு என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. இலக்கியப் படைப்பில் பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த உரிமையோ இயற்கை உரிமையோ அல்ல, சமூகத்தின் அறிவு வளர வேண்டும் என்பதற்காகச் சட்டம் கொடுத்தது என்றும் எழுதினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, தேவையான அளவுக்கு மேல் நகலெடுத்தார்களா என்ற கேள்வியை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

இப்போது அந்த மூன்றாவது பெயருக்கு வருவோம். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனம் இன்ஃபார்மா. 2024 மே மாதம் அது மைக்ரோசாஃப்ட்டுடன் ஓர் ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தது. பதிப்பகத்தின் ஆய்வு எழுத்துகளை ஏஐ வளர்க்கப் பயன்படுத்திக்கொள்ளலாம், முதல் தவணையே ஒரு கோடி டாலருக்கு மேல். இதேபோன்ற வேறு ஒப்பந்தங்களும் சேர்ந்து அந்த ஆண்டில் ஏஐ வழியாக வந்த பணம் ஏழரைக் கோடி டாலரைத் தாண்டியது. எழுதிய பேராசிரியர்களில் பலர் இதைச் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எங்களைக் கேட்கவே இல்லையே என்று பிரிட்டனில் புகார் எழுந்தது. கேட்க வேண்டிய அவசியம் பதிப்பகத்துக்கு இல்லை. அந்த ஒரு கிளிக்கில் எல்லாம் அடங்கிவிட்டது.

டெல்லி மாணவர் இருபது பக்கம் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்தாளரின் உரிமை பறிபோகிறது என்று நாலரை வருடம் கோர்ட்டில் நின்ற அதே பதிப்பகம், எழுத்தாளரைக் கேட்காமலே மொத்த எழுத்தையும் ஏஐக்குக் கொடுத்திருக்கிறது. சட்டப்படி ஒன்றும் தப்பில்லை. நான் சட்டத்தைத்தான் குறை சொல்கிறேன்.

சிறையும் காசோலையும்

ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற பெயர் கம்ப்யூட்டர்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பதினாலு வயதில், இணையச் செய்திகளைத் திரட்ட உதவும் ஆர்எஸ்எஸ் தொழில்நுட்பத்தின் 1.0 வடிவத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் எம்ஐடி வளாகத்து நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பை இணைத்து, ஜேஸ்டோர் என்ற கட்டுரைக் களஞ்சியத்திலிருந்து சுமார் 48 லட்சம் கட்டுரைகளை இறக்கினார். யாருக்கும் விற்கவில்லை, இணையத்தில் போடவும் இல்லை. ஜேஸ்டோர் சமரசம் செய்துகொண்டு ஒதுங்கிவிட்டது. அமெரிக்க அரசு விடவில்லை. 13 குற்றச்சாட்டுகள், எல்லாம் நிரூபணமானால் 50 ஆண்டுவரை சிறை. விசாரணை தொடங்கும் முன்பே, 2013 ஜனவரி 11-ம் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26.

2025-ல் அதே நாட்டில் நடந்தது வேறு. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் திருட்டு நூலகத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகப் பிரதிகளை இறக்கி வைத்திருந்தது கோர்ட்டில் வெளிவந்தது. ஜூன் மாதம் நீதிபதி வில்லியம் அல்சப், புத்தகங்களைக் கொண்டு ஏஐக்குப் பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடுதான் என்றார். ஆனால் திருட்டுப் பிரதிகளைக் குவித்து வைத்தது அந்தக் கணக்கில் வராது என்றும் சொன்னார். செப்டம்பரில் 150 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சுமார் ஐந்து லட்சம் புத்தகங்கள், புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். மெட்டா நிறுவனமும் லிப்ஜென் என்ற திருட்டுக் களஞ்சியத்தைப் பயன்படுத்தியது வழக்கு ஆவணங்களில் தெரிந்தது. அந்த வழக்கில் 13 எழுத்தாளர்கள், பயிற்சி கொடுத்தது சரியா தப்பா என்ற முக்கியக் கேள்வியில் தோற்றார்கள்.

யாரையும் ஜெயிலில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தனியாள் படிப்பதற்காக எடுத்தபோது கிரிமினல் வழக்கு, கம்பெனி தொழிலுக்காக எடுத்தபோது சிவில் வழக்கு, அதன் முடிவில் ஒரு காசோலை. இந்த வித்தியாசத்துக்கு எந்தச் சட்ட அகராதியிலும் காரணம் கிடைக்காது.

நம் ஊரிலும் இதற்கொரு கதை உண்டு, சை-ஹப். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பக்யான், தனக்கே ஆய்வுக் கட்டுரைகள் கிடைக்காமல் திண்டாடி, கட்டணக் கட்டுரைகளை எல்லோருக்கும் இலவசமாகத் தருவதற்காக 2011-ல் தொடங்கிய தளம். எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் சேர்ந்தன. 2016-ல் ‘சயின்ஸ்’ இதழ் அதன் பதிவுகளை அலசியபோது, ஆறு மாதத்தில் 2.8 கோடிக் கட்டுரைகள் இறங்கியிருந்தன. அதில் 34 லட்சம் இந்தியாவிலிருந்து. நம் நாட்டு ஆராய்ச்சியில் ஒரு நல்ல பகுதி சை-ஹப் புண்ணியத்தில் நடந்தது என்பது ஆய்வுக்கூடங்களில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் மேடையில் சொல்லாத விஷயம்.

2020 டிசம்பரில் எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. புதுக் கட்டுரைகளை ஏற்ற மாட்டேன் என்று எல்பக்யான் உறுதி கொடுத்தார். இந்திய விஞ்ஞானிகள் அமைப்புகள் குறுக்கே வந்து, தளத்தை முடக்காதீர்கள் என்று வாதாடின. சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நகலெடுக்க நம் சட்டம் இடம் தருகிறதே என்பது அவர்கள் கேள்வி. உலகில் வேறெங்கும் சை-ஹப் இந்த அளவுக்குச் சட்டவாதத்தோடு நின்றதில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில், கொடுத்த உறுதியை மீறிவிட்டார் என்று சொல்லி, தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆராய்ச்சிக்காக எடுப்பது திருட்டா என்ற மூலக் கேள்விக்கு விடை வரவே இல்லை.

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 2025 ஜனவரியில் ஒரே சந்தா தொடங்கியது, ஆகஸ்டில் சை-ஹப் மூடியது. சந்தாவின் முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். கோடிகளில் சந்தா கட்டும் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களை விட்டுவிடுவோம். நாமக்கல்லிலோ விருதுநகரிலோ இருக்கும் ஒரு நடுத்தரக் கல்லூரியின் உதவிப் பேராசிரியருக்கு முன்வாசல் திறக்கவில்லை, பின்வாசலும் பூட்டியாகிவிட்டது. அவர் இப்போது டெலிகிராமில் இருக்கும் ‘பாட்’ (bot) நிரலிடம் கையேந்துகிறார்.

ஓமந்தூரார் செய்தது

பதிப்புரிமையே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். வார இதழ் கடைக்கு வருவதற்குள் அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. பத்து வருடம் உழைத்து எழுதிய நாவல் வெளிவந்த மாதமே டெலிகிராமில் கிடைக்கிறது. அதில் கிடைக்கும் கொஞ்சம் ராயல்டியை நம்பி இருக்கிறவர்களின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. ‘அறிவு எல்லோருக்கும் பொது’ என்று அதற்கு வேதாந்தம் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். ஆய்வுக் கட்டுரை வேறு ஜாதி. அதை எழுதியவர் ராயல்டி வாங்குவதில்லை, நிறையப் பேர் படித்தால்தான் அவருக்கு லாபம். இரண்டையும் ஒரே சட்டத்தில் போட்டு, ஒரே தடியால் அடிப்பதுதான் கோளாறு.

எழுத்தாளரையும் விட்டுக்கொடுக்காமல், வாசகரையும் வெளியே நிறுத்தாமல் ஒரு வழி இருக்கிறதா? சென்னையிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பாரதியார் பாடல்களின் சினிமா, ஒலிப்பதிவு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்கள்மேல் பிரச்சினை கிளம்பி, பாரதியை விடுதலை செய்யுங்கள் என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அரசு தலையிட்டது. செட்டியார் தன் உரிமையைப் பணம் வாங்காமலே ஒப்படைத்தார். 1949-ல் பாரதி எழுத்தின் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. 2024-ல் கருணாநிதியின் நூல்கள் சேர்ந்தபோது குடும்பம் பணம் வாங்கவில்லை.

இதில் அரசியல் இல்லாமல் இல்லை. யாருக்கு எப்போது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும். தொகை சில குடும்பங்களுக்குப் போதவில்லை, வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. நாட்டுடைமை ஆனதும் எழுத்துப்பிழை மலிந்த பதிப்புகள் வரிசை கட்டி வந்ததையும் பார்த்திருக்கிறோம். இருந்தாலும் கணக்கு நேரானது. அரசு ஒரு முறை பணம் கொடுத்தது, எழுத்து நிரந்தரமாகப் பொதுவுக்கு வந்தது. பள்ளிக்கூடப் பையனும் படிக்கலாம், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும் இணையத்தில் ஏற்றலாம். யாரும் சந்தா புதுப்பிக்க வேண்டியதில்லை.

(டெல்லி அப்போதும் வேறு திசையில்தான் போனது. தாகூர் இறந்து 50 ஆண்டு முடிந்து, 1991-ல் அவர் எழுத்து பொதுவுக்கு வரவேண்டிய நேரத்தில், உரிமையை வைத்திருந்த விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்துக்காகச் சட்டத்தையே திருத்தி 60 ஆண்டாக்கினார்கள். இன்றும் எல்லா இந்திய எழுத்தாளருக்கும் 60 ஆண்டு என்பது அதனால்தான்.)

அறிவியலில் இதைச் செய்ய வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. சி.வி. ராமன் 1934-ல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி தன் இதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இயற்பியல்காரர்கள் 1991 முதலே ஆர்க்சைவ் தளத்தில் கட்டுரையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகுதான் இதழுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தளத்தின் இந்தியப் பிரதி இயங்கியது சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில். சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை எல்லோரும் படிக்க வையுங்கள் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014-ல் இதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டன. எங்கள் நிதியில் வந்த கட்டுரையைக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்பது விதி. போடாவிட்டால் என்ன என்பதற்கு விதியில் பல் இல்லை. பிறகு என்ன நடக்கும்?

2027-க்கு முன்னால்

அமெரிக்கா இந்த விஷயத்தில் கறாராகிவிட்டது. அரசு நிதியில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை வெளியான அன்றே மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் விதி இது. பைடன் காலத்தில் முடிவெடுத்தது, ட்ரம்ப் ஆட்சி ஆறு மாதம் முன்கூட்டியே அமல்படுத்தியது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் ஒத்துப்போயிருக்கின்றன. ஜெர்மனியில் 2014-லேயே ஒரு சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. செலவில் பாதியாவது பொதுப்பணமாக இருந்த ஆராய்ச்சி என்றால், பதிப்பகத்துடன் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரி, 12 மாதம் கழித்துத் தன் கையெழுத்துப் பிரதியைப் பொதுவில் போடும் உரிமை எழுதியவருக்கு உண்டு.

ஒப்பந்தத்தை மீறி உரிமை கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டா என்று டெல்லியில் யாராவது கேட்டால், 2012-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தை எடுத்துக் காட்டலாம். சினிமாப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், ராயல்டியில் அவர்களுடைய பங்கு போகாது என்று அன்று எழுதினார்கள். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் இருந்து அதற்காக மல்லுக்கட்டினார். ஆய்வு மாணவர்களுக்காக அப்படி மல்லுக்கட்ட அங்கே ஆள் இல்லை.

ஏஐ விஷயத்திலும் எழுதியவரின் உரிமை இப்போதே முக்கியம். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மேல் 2024 நவம்பரில் டெல்லியில் வழக்குப் போட்டது. ஏஐ கம்பெனிகள் எந்தப் படைப்பையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கலாம், பதிலுக்கு ராயல்டி கட்ட வேண்டும், கொடுக்க மாட்டேன் என்று படைப்பாளி மறுக்க முடியாது என்ற யோசனையை மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை 2025 டிசம்பரில் முன்வைத்தது. கதை எழுதுகிறவருக்கு அதில் ஏதாவது கிடைக்கலாம். ஆய்வுக் கட்டுரைக்கு? உரிமை பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறது. நம் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை நம் நாட்டு ஏஐ படித்தால், ராயல்டி ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போகும்.

சந்தா ஒப்பந்தம் 2027 கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் கோப்பு அதற்கு முன்பே மேசைக்கு வந்துவிடும். வருடத்துக்கு 2,000 கோடி ரூபாய் கொடுக்கும் வாடிக்கையாளர் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கலாம். தனியார் கல்லூரிகளும் பொது நூலகங்களும் உள்ளே வர வேண்டும். இந்திய அரசு நிதியில் வந்த ஒவ்வொரு கட்டுரையின் கையெழுத்துப் பிரதியும் வெளியான அன்றே களஞ்சியத்துக்கு வர வேண்டும். எழுதியவரைக் கேட்காமல் ஏஐக்கு விற்கக் கூடாது. பதிப்பகங்கள் முடியாது என்று சொன்னால், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் செய்ததைச் செய்யலாம். 2019-ல் அது எல்செவியர் சந்தாவையே நிறுத்தியது. ஆராய்ச்சி நின்றுபோகவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2021-ல், எல்செவியர்தான் இறங்கி வந்து புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.